இரண்டு சீட்டும் ஒரு பெட்டியும்

அத்தியாயம் 11

செவ்வாய்க்கிழமை தோண்டி எடுத்தார்கள். எலும்புகள் மெழுகு நிறத்தில் சுத்தமாக இருந்தன. நல்ல மனிதருக்கு அப்படித்தான் இருக்கும் என்றார் கல்லறைத் தொழிலாளி. எல்லாரிடமும் சொல்வாராக இருக்கும். சிவப்பு ஒயினில் கழுவி, வெள்ளைத் துணியில் உலர்த்தி, ஒரு மரப்பெட்டியில் அடுக்கிக் கொடுத்தார். செவஸ்தி அனுமதிக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பேருந்தில் நிக்கேயாவில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். சாப்பாட்டு மேசையின் மேல் வைத்தாள். வியாழக்கிழமை காலை வரை அது அங்கேயே இருந்தது. அவளும் மகள் போப்பியும் சமையலறையில் நின்றபடி சாப்பிட்டார்கள்.

அவள் கணவர் பான்டெலிஸ் இறந்து மூன்று வருடம். ஊருக்குள் புதைக்கும் குழி மூன்று வருடத்துக்குத்தான். அதற்குப் பிறகு நகராட்சியிலிருந்து கடிதம் வரும்: எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பொதுக்குழி. அவர் பிறந்தது ஆஸ்திபாலியா தீவில். அப்பாவும் அம்மாவும் கிடக்கிற குடும்பக் கல்லறை அங்கே இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை, இறந்தவர்களை நினைத்துப் பூசை வைக்கும் ஆன்மாக்களின் சனிக்கிழமை. காலைப் பூசை முடிந்ததும் அவரை உள்ளே வைத்துவிடலாம் என்று தீவின் பாதிரியார் ஒப்புக்கொண்டிருந்தார். அன்று விட்டால் தவக்காலம் தொடங்கிவிடும். பாதிரியாரும் காலில் அறுவை சிகிச்சைக்காக வேறு தீவுக்குப் போகிறவர்.

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்குக் கொஸ்மாஸைத் தெரியும். பான்டெலிஸின் தம்பி, தீவில் லாரி ஓட்டுகிறவன். அண்ணனின் அடக்கத்துக்கு அவன் வரவில்லை. காற்று, கப்பல் விடவில்லை என்று தொலைபேசியில் சொன்னான். கப்பல் விடவில்லைதான். ஆனால் விமானம் பறந்தது. அந்த விமானத்தில் தீவிலிருந்து ஒரு பெண்கூட வந்திருந்தாள். பழுப்பு நிற மேலங்கி போட்டவள், யாரென்று செவஸ்திக்குத் தெரியாது. கடைசி வரிசையில் நின்றுவிட்டு, அடக்கம் முடிந்து தரும் துக்கக் காபிக்குக்கூட உட்காராமல் போய்விட்டாள். யாரோ ஒருத்தி வந்தாள், கூடப்பிறந்தவன் வரவில்லை. ஒரு விமானச் சீட்டின் விலையை வைத்து அண்ணனை எடைபோட்டுப் பார்த்திருக்கிறான் என்று செவஸ்தி முடிவுகட்டினாள். மூன்று வருடமாகப் பேச்சில்லை.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, பெட்டிக்கு எதிரே மடிக்கணினியை வைத்துக்கொண்டு போப்பி உட்கார்ந்தாள். இருபது வயது, தாதிப் படிப்பில் இரண்டாம் வருடம். கலியோப்பி என்று பெயர் வைத்து, ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"விமானம் நாளைக்கு மத்தியானம். ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆளுக்குத் தொண்ணூத்தாறு யூரோ," என்றாள்.

"பெட்டி?"

"கையில விடமாட்டாங்க, சின்ன விமானம். கீழ சூட்கேஸோட போகும்."

"உங்கப்பா சூட்கேஸோட போகமாட்டார்."

"இப்ப சூட்கேஸ் பிரச்சினையா, தொண்ணூத்தாறு பிரச்சினையா?"

செவஸ்திக்குப் பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. இரண்டு நாள் விடுப்புக்கே தலைமையாசிரியரிடம் மூன்று தடவை நிற்கவேண்டியிருந்தது. தோண்டியதற்கு, பெட்டிக்கு, பாதிரியாருக்கு என்று இந்த மாதச் சம்பளம் மாதம் முடிவதற்குள் முடிந்துவிட்டது.

போப்பி மற்ற வழிகளையும் பார்த்தாள். விரைவுப் படகு கோடைக்குத்தான், பிப்ரவரியில் கிடையாது. பெரிய கப்பலில் காலிம்னோஸ் வரை போய், அங்கிருந்து சின்னக் கப்பல் மாறினால் நேராகப் போகும் கப்பலைவிட ஆளுக்கு நான்கு யூரோ குறையும். ஆனால் காலிம்னோஸில் ஓர் இரவு அறை எடுக்கவேண்டும், அந்த நான்கு யூரோவை அறை தின்றுவிடும். இன்னொரு வழியும் இருந்தது. லாரியோடு கப்பல் ஏறுகிறவர்களுக்கு ஓட்டுநர் சீட்டு லாரிக் கட்டணத்திலேயே சேர்த்தி. உதவியாள் என்று கூட ஒருவர் ஏறினால் அவரையும் பெரும்பாலும் கேட்பதில்லை.

"சித்தப்பா லாரி செவ்வாய்க்கிழமைதான் திரும்பிப் போயிருக்கு. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நம்மள்ல ஒருத்தர் சும்மாவே போயிருக்கலாம்."

"சும்மா போறதுக்கு அவன்கிட்டயா கேக்கணும்."

"நீ கேக்கவேணாம்னுதான் நானும் கேக்கலை. சொல்றேன், அவ்வளவுதான்."

மிஞ்சியது, அன்றைக்கு மூன்று மணிக்குப் பிரெயாஸ் துறைமுகத்திலிருந்து நேராகக் கிளம்பும் கப்பல். யாரும் போகாத தீவுகளுக்கு அரசாங்கம் மானியம் கொடுத்து ஓட்டுகிற கிழட்டுக் கப்பல். வாரத்தில் மூன்று நாள். அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. மேல்தளச் சீட்டு நாற்பத்திரண்டு, மாணவர்களுக்குப் பாதி.

"அப்பாவோட கப்பல் கம்பெனி கார்டுல இன்னும் புள்ளி இருக்கு," என்றாள் போப்பி சிறிது நேரம் கழித்து. "அதுல போட்டா உனக்குப் பத்து யூரோ குறையும்."

பான்டெலிஸ் ஊருக்குப் போகும்போதெல்லாம் சேர்த்த புள்ளிகள். கடவுச்சொல் இருவருக்கும் தெரியும், வீட்டுக் கதவு எண்ணும் போப்பி பிறந்த வருடமும். உள்ளே போனால் எல்லாம் அவர் விட்டபடியே இருந்தது. பெயர், முகவரி, கைபேசி எண். போப்பி பயணிகள் பெயரை மட்டும் மாற்றினாள். எண்ணை மாற்றப் போனபோது, பழைய எண்ணுக்கு ஒரு குறியீடு அனுப்பியிருக்கிறோம், அதைப் போடுங்கள் என்றது. அந்தக் கைபேசி டிராயரில் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. இணைப்பும் வெட்டி வருடக்கணக்காகிறது. அவள் எண்ணை அப்படியே விட்டுவிட்டாள்.

இருவருக்கும் சேர்த்து ஐம்பத்து மூன்று. விமானத்துக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. செவஸ்தி தலையாட்டினாள்.

பிறகு பெட்டியைக் கட்டினாள். முதலில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் அட்டைப்பெட்டி, அதன்மேல் நைலான் கயிறு. இருபத்திரண்டு வருடம் அவள் இப்படி எத்தனையோ பெட்டிகளைக் கட்டித் தீவுக்கு அனுப்பியிருக்கிறாள். மாமியாருக்கு ரத்த அழுத்த மாத்திரை, கொஸ்மாஸின் பிள்ளைகளுக்குக் காலணி, பள்ளிக்கூடப் புத்தகம். கப்பலடியில் கொடுத்தால் போதும். அந்தப் பக்கம் யாராவது வந்து நின்று, மூன்று யூரோ கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். முடிச்சுப் போட்டதும் தடித்த பேனாவை எடுத்து மேலே பெயர் எழுதினாள், தீவின் பெயர் எழுதினாள், ஓர் எண் எழுதினாள். யோசித்து எழுதவில்லை. கட்டினால் எழுதவேண்டும், அவ்வளவுதான்.

இறந்தவருக்காகப் பூசையில் வைக்கிற அவித்த கோதுமை ஒரு தூக்கில் தனியாக இருந்தது. சர்க்கரையைத் தீவில் போய்த்தான் தூவவேண்டும், இங்கேயே போட்டால் நீர் விட்டுக்கொள்ளும்.

துறைமுகத்தில் மழை. பேருந்து நிறுத்தத்திலிருந்து கப்பலடிக்கு நடப்பதற்குள் காற்று இரண்டு தடவை போப்பியின் குடையைத் திருப்பிப் போட்டது. ஒரு மணிதான் ஆகியிருந்தது. சீட்டை அச்சடித்து வாங்க செவஸ்தி முகவர் கடைக்குப் போனாள். "இறக்காத," என்று பெட்டியைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனாள்.

போப்பி பத்து நிமிடம் இறக்கவில்லை. பிறகு கை வலித்தது. அட்டை நனைய ஆரம்பித்தது. கப்பலின் பின்கதவுக்குப் பக்கத்தில் ஒரு தார்ப்பாயின் கீழே பத்துப் பதினைந்து பெட்டிகள் ஈரம்படாமல் அடுக்கியிருந்தன. அவள் அதையும் அங்கே வைத்துவிட்டு, மழைக்கு முதுகைக் காட்டிச் சற்றுத் தள்ளி நின்று, வானிலை அறிக்கையைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல எண்ணத்தில்தான் செய்தாள்.

ஒன்றே முக்காலுக்குத் தடை வந்தது. காற்றின் வேக அளவு எட்டைத் தாண்டி ஒன்பதைத் தொட்டுவிட்டது, எந்தத் துறைமுகத்திலிருந்தும் எந்தக் கப்பலும் கிளம்பாது. நின்றிருந்தவர்கள் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. தீவுக்காரர்களுக்கு இது பழக்கம். ஒருவர் கோழித்தீவன மூட்டைமேல் உட்கார்ந்து பாலாடைக்கட்டி அப்பத்தைப் பிரித்தார்.

செவஸ்தி சீட்டோடு திரும்பி வந்தபோது தார்ப்பாய் மடித்து வைக்கப்பட்டிருந்தது. கீழே ஒன்றுமில்லை. பின்கதவு பாதிக்கு மேல் ஏறியிருந்தது. போப்பி மேலும் கீழும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே செவஸ்திக்குப் புரிந்தது.

பார்சல் ஏற்றுகிற ஆள் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"பேர், ஊர், நம்பர் எல்லாம் இருந்துச்சேக்கா. ஏத்திட்டேன்."

"அது பார்சல் இல்ல."

"பின்ன?"

"என் வீட்டுக்காரர்."

அவன் தொப்பியை எடுத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு நிதானமாக விளக்கினான். கதவை மூடச் சொன்னது கேப்டன். தடை நீங்கும்வரை ஏறவோ இறங்கவோ யாரையும் விடமாட்டார். பெட்டி மருந்துக்கடைச் சரக்குக்குப் பக்கத்தில், காய்ந்த இடத்தில்தான் இருக்கிறது. மேலே எதையும் வைக்கவில்லை.

"நான் போய்த் தனியா கட்டி வைக்கிறேன். எங்கயும் போயிடமாட்டாரு. நாளைக்குக் காலைக்கு முன்னாடி கிளம்பற மாதிரி தெரியலை. கிளம்பறதா இருந்தா உங்களுக்குக் கைபேசில செய்தி வந்துடும்."

செவஸ்தி பணப்பையைத் திறந்து மூன்று யூரோவை நீட்டினாள். ஏன் நீட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் வாங்கவில்லை. அதை அந்தப் பக்கம் எடுக்கிறவர்கள்தான் தருவார்கள், அதுதான் வழக்கம் என்றான்.

நான்கு மணிவரை கப்பலைப் பார்த்தபடி நின்றார்கள். கயிறுகளை இரட்டிப்பாகக் கட்டினார்கள். மழை பக்கவாட்டில் அடித்தது. போப்பிக்குப் பல் கிட்டியது. தூக்கோடு இன்னும் எவ்வளவு நேரம் நிற்பது, செய்தி வந்தால் அரைமணியில் வந்துவிடலாம் என்று அவள் சொல்ல, செவஸ்தி அரைமனதோடு பேருந்து ஏறினாள்.

வீட்டில் மேசை காலியாக இருந்தது. இரண்டு நாள் பெட்டி இருந்த இடத்தில் கோதுமைத் தூக்கை வைத்தாள். போப்பி கம்பளிக்குள் புகுந்து உடனே தூங்கிப்போனாள். செவஸ்தி நாற்காலியில் உட்கார்ந்து, சன்னல் சட்டம் காற்றில் ஆடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஐந்து மணிக்குச் சத்தம் கொஞ்சம் அடங்கியது. சட்டம் ஆடுவது நின்றது. நல்லதாகப் போயிற்று, நாளைக் காலை கிளம்பிவிடும் என்று நினைத்துக்கொண்டு அடுப்பில் காபி வைத்தாள்.

ஆறே முக்காலுக்குப் போப்பி எழுந்து வந்தாள். கையில் கைபேசி. கப்பல்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டுகிற வரைபடம். தீவில் சொந்தக்காரர் யாராவது இருக்கிற எல்லா வீடுகளிலும் அதைப் பார்க்கிறவர்கள் உண்டு.

"அம்மா. கப்பல் பிரெயாஸ்ல இல்ல."

"எங்க இருக்கு?"

"சூனியோன் முனையைத் தாண்டப் போகுது."

இரவில் மறுபடி காற்று ஏறும் என்று அறிக்கை. நடுவில் சில மணி நேரம் இறங்கியிருக்கிறது. தடையை எடுத்ததும் கிடைத்த இடைவெளியில் கேப்டன் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். செய்தி அனுப்பாமல் இல்லை. சீட்டு போட்ட எல்லாருக்கும் அனுப்பியிருந்தார்கள், பதிவில் இருந்த எண்ணுக்கு.

போப்பி டிராயரைத் திறந்து பழைய கைபேசியைப் பார்த்தாள். எடுக்கவில்லை. திரும்ப மூடினாள்.

"என் தப்பு. பெட்டியை வச்சதும் நான்தான், நம்பரை விட்டதும் நான்தான்."

"பத்து யூரோ மிச்சம் பிடிக்கலாம்னு தலையாட்டினது நான்," என்றாள் செவஸ்தி.

போப்பி அழவில்லை, மூக்கை மட்டும் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள், "காலைல மூணு நாலு மணிக்கு அங்க இறக்குவாங்க. எடுக்க ஆள் இல்லைன்னா?"

ஆள் இல்லையென்றால் என்ன ஆகும் என்று செவஸ்திக்குத் தெரியும். மாமியாரின் மாத்திரை ஒருமுறை அப்படித்தான் போயிற்று. வாங்க யாரும் இல்லாத பார்சலைக் கப்பலிலேயே வைத்திருப்பார்கள். அது அடுத்த தீவு, அதற்கடுத்த தீவு என்று சுற்றிவிட்டு ஐந்தாறு நாளில் பிரெயாஸுக்குத் திரும்பும். சனிக்கிழமை போய்விடும்.

"பெட்டில யார் நம்பரை எழுதின?"

செவஸ்தி அடுப்பை அணைத்தாள். காபி பொங்கி வழிந்திருந்தது.

"உங்க சித்தப்பாவோடது."

தீவில் அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் அது ஒன்றுதான். இருபத்திரண்டு வருடம் எழுதிய கை, மூன்று வருடப் பேச்சில்லாததைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

போப்பி கைபேசியை நீட்டினாள். செவஸ்தி அதை வாங்காமல் தன்னுடையதை எடுத்து, எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். இரண்டாவது மணியில் எடுத்துவிட்டான்.

"அண்ணி," என்றான். கேள்வியாக இல்லை. அவள் எண்ணை அழிக்காமல் வைத்திருந்திருக்கிறான்.

பின்னால் லாரியின் இயந்திரச் சத்தம் கேட்டது. அது நின்றது.

"கொஸ்மாஸ், உங்கண்ணன் கப்பல்ல வர்றார்," என்றாள். "தனியா வர்றார்."

அவனுக்கு விவரம் கொஞ்சம் தெரிந்திருந்தது. பாதிரியார் சொல்லியிருந்தார். மீதியை அவள் சொன்னாள். தார்ப்பாய், கதவு, மருந்துக்கடைச் சரக்கு. அவன் குறுக்கே பேசவில்லை.

"மூணு மணிலேருந்து நிப்பேன்," என்றான். "கப்பல் எந்நேரம் வந்தாலும் சரி. நீங்க ஏன் ஏறலை?"

"காத்து," என்றாள் செவஸ்தி.

மூன்று வருடத்துக்கு முன்னால் இதே சமையலறையில் நின்றுகொண்டுதான் அவள் இந்த வார்த்தையைக் கேட்டாள். அவன் அதைச் சொல்லி முடித்ததும் தொலைபேசியை வைத்துவிட்டாள். மறுமுனையில் அவன் இப்போது அதைச் சொல்லிக்காட்டலாம். காத்திருந்தாள்.

"காத்துதான் அண்ணி. என்ன செய்ய," என்றான் கொஸ்மாஸ்.

அதற்குமேல் ஒன்றுமில்லை. ஈரம் படாமல் எடு, நிமிர்த்தி வை, சாய்க்காதே என்று அவள் சொன்னாள். லாரியில் முன்னிருக்கையில் வைத்து வார் போட்டுக் கொண்டுபோகிறேன் என்றான். மூன்று யூரோ தரவேண்டும் என்றாள். அவன் சிரித்தமாதிரி இருந்தது. அண்ணன் எப்பவும் இப்படித்தான், வந்திறங்கும்போது சில்லறை இருக்காது என்றான்.

வைத்துவிடலாம் என்று இருந்தவள் வைக்கவில்லை.

"அன்னிக்கு விமானம் பறந்துதே, கொஸ்மாஸ்."

லாரிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"பறந்துச்சு. கடைசிச் சீட்டை வாங்கினதே நான்தான். பணம் கட்டி, கையில வச்சிருந்தேன்."

"அப்புறம்?"

"இன்னொருத்தங்களுக்குக் கொடுத்துட்டேன். அண்ணனைக் கடைசியா பாக்கறதுக்கு என்னைவிட அவங்களுக்குத்தான் பாத்தியதை இருக்குன்னு தோணிச்சு."

செவஸ்தியின் கண்முன்னால் பழுப்பு மேலங்கி ஒன்று கடைசி வரிசையிலிருந்து திரும்பி நடந்தது.

"யாரது?"

"ஃபோன்ல வேணாம் அண்ணி. சனிக்கிழமை கோவிலுக்கு அவங்களும் வருவாங்க. வந்து நீங்களே கேளுங்க," என்றான். "நான் போய் லாரியைக் கழுவணும்."

வைத்துவிட்டான். செவஸ்தி கைபேசியை மேசைமேல், கோதுமைத் தூக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். வெளியே சன்னல் சட்டம் ஒருமுறை தட்டியது. காற்று திரும்ப ஆரம்பிக்கிறது. நாளை மத்தியானம் விமானம் எழும்புமா என்பது நாளைக் காலைதான் தெரியும்.

போப்பி ஏற்கெனவே மடிக்கணினியைத் திறந்திருந்தாள்.

"ரெண்டு இடம் இருக்கு. ஆனா காலைல பாத்த விலை இல்லம்மா, இப்ப—"

"போடு," என்றாள் செவஸ்தி. "நம்பர் என்னோடதைப் போடு."

எவ்வளவு என்று கேட்கவில்லை.